தஞ்சாவூர் ஐசியூவில் ஒரு இஞ்ச் டேப்

சிங்கப்பூரில் ஐசியூ நர்ஸாக இருக்கிறேன். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊருக்கு லீவில் வந்த நேரம் பார்த்து, சித்திக்கு நிமோனியா முற்றி, தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டர் வைக்க வேண்டியதாகிவிட்டது. ஆகவே இந்தத் தடவை கோயில், டிகிரி காபி பற்றி எழுத ஒன்றுமில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெஷின் நாங்கள் அங்கே பயன்படுத்தும் தரம்தான். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தியே வைத்திருந்தார்கள். 30 முதல் 45 டிகிரி இருந்தால் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்குவது குறையும். பல்லையும் நாக்கையும் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தார்கள்.

கண்ணை உறுத்தியது ஸ்கிரீனில் இருந்த 440. ஒவ்வொரு மூச்சுக்கும் மெஷின் உள்ளே தள்ளும் காற்று, மில்லி கணக்கில்.

"ஹைட் எவ்வளவு போட்டிருக்கீங்க சிஸ்டர்?"

"ஹைட் எடுக்கலைக்கா. வெயிட் அவங்க பையன் சொன்னாரு, 73."

கிலோவுக்கு 6 மில்லி என்ற கணக்கு சரிதான். எடுத்துக்கொண்ட கிலோதான் தப்பு. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருக்காது. அது உயரத்தைப் பொறுத்தது. பெண்களுக்கு, சென்டிமீட்டரில் உயரத்திலிருந்து 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, 45.5-ஐக் கூட்ட வேண்டும். ஆண்களுக்கு 45.5-க்குப் பதில் 50. சித்தி 150 சென்டிமீட்டர். கணக்குக்கு 43 கிலோதான். போக வேண்டியது சுமார் 260 மில்லி.

இது சில்லறை விஷயமில்லை. நோய் முற்றிய நுரையீரலில் பாதி இடம் நீர் கோத்து அடைத்திருக்கும். தள்ளுகிற காற்றெல்லாம் மிச்சமிருக்கும் நல்ல இடத்துக்கே போய், அதையும் இழுத்துப் புண்ணாக்கும். 2000-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், இப்படி நுரையீரல் பாதித்து வெண்டிலேட்டரில் இருந்த 861 நோயாளிகள். கிலோவுக்கு 12 மில்லி கொடுத்தவர்களில் 40 சதவீதத்தை ஒட்டி இறந்தார்கள், 6 மில்லி கொடுத்தவர்களில் 31 சதவீதம்.

டியூட்டி டாக்டர் சின்னப் பையன். 'வெளிநாட்டுக்காரி வந்துட்டா' என்று முகம் சுளிப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ இஞ்ச் டேப்பை வரவழைத்து, கட்டிலைச் சமமாக இறக்கி, சித்தியின் முழங்காலை நீட்டிவிட்டு, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை தானே அளந்தார். "காத்தைக் குறைச்சா ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு ஏறுமே மேடம்" என்றார். கொஞ்சம் ஏறினால் உடம்பு தாங்கும், கிழிந்த நுரையீரல் தாங்காது என்றேன். காற்றைக் குறைத்து, மூச்சு எண்ணிக்கையைக் கூட்டினார். 34-இல் நின்ற பிளாட்டோ பிரஷர், அதாவது மூச்சு உள்ளே போய் நின்றதும் நுரையீரலில் இருக்கும் அழுத்தம், 25-க்கு வந்தது. 30-ஐத் தாண்டக் கூடாது.

நம்மாட்கள் பங்குக்கும் ஒன்று உண்டு. காலையில் மயக்க மருந்தை நிறுத்தி, தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்க்க டாக்டர் கிளம்பினால், "தூங்கட்டும் சார், முழிச்சா பயந்துக்குவாங்க" என்று தடுத்தது சித்தி மகன்தான். மெஷினில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு வழி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னதும் ஒத்துக்கொண்டான்.

சித்திக்குக் குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி மேல் மிச்சமிருக்கும் குறை ஒன்றுதான்: மருந்துச் சீட்டோடு ஃபார்மசிக்கு நாளெல்லாம் மாடி ஏறி இறங்க வைக்கிறார்கள், நோயாளி எப்படி இருக்கிறார் என்று உட்கார வைத்துச் சொல்ல மட்டும் ஆளில்லை. லிஃப்ட் வாசலில் நடந்துகொண்டே சொல்வதை வயசான சித்தப்பா எப்படிப் பிடித்துக்கொள்வார்?