"லைன்" என்றால் அங்கே அடிக்கவா, அங்கே ஆள் இருக்கிறானா?

அணிக்கு இருவர் ஆடும் பீச் வாலிபாலில், எதிரணியின் சர்வீஸை எடுத்தவரே பெரும்பாலும் அடிப்பவர். ஓடிவந்து எழும்பும்வரை அவர் கண் பந்தின் மேல்தான் இருக்கும். எதிர்ப்பக்கத்து 8 மீட்டர் சதுர மணலில் டிஃபென்டர் (பின்னால் நின்று பந்தை எடுப்பவர்) எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்க முடிந்த ஒரே ஆள், செட் கொடுத்து, அதாவது அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிப் போட்டு, முடித்த பார்ட்னர். அவர் என்ன கத்த வேண்டும் என்பதில் இரண்டு பழக்கங்கள் உண்டு. காலி இடத்தைச் சொல்வது ஒன்று: "லைன்" (பக்கக்கோட்டை ஒட்டி நேராக), "கிராஸ்" (குறுக்கே), "கட்" (நெட்டை ஒட்டிக் கூர்மையாகக் குறுக்கே). ஆள் இருக்கும் இடத்தைச் சொல்வது இன்னொன்று: "லைன்ல இருக்கான்", "முன்னாடி வந்துட்டான்". நாங்கள் முதல் முறைக்கு மாறிவிட்டோம். காரணம் நேரம்.

செட் கொடுப்பவர் கையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் கிளம்பும் பந்து 4.5 மீட்டர் வரை ஏறி, 2.9 மீட்டரில் அடிபடுகிறது என்று வையுங்கள். ஏற 0.7 நொடி, இறங்க 0.6 நொடிக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 1.3 நொடி. செட் கொடுத்தவர் தலையைத் திருப்பி டிஃபென்டரைப் பிடிப்பதற்கே அரை நொடி போய்விடும். அடிப்பவர் காலை ஊன்றி எழும்பும் கடைசி 0.4 நொடியில் எதுவும் சொல்லிப் பயனில்லை. மிச்சமிருப்பது 0.4 நொடி. ஒற்றைச் சொல் அதற்குள் அடங்கும். "லைன்ல இருக்கான்" அடங்காது.

அடங்காமல் போவதோடு நிற்பதில்லை. கடற்காற்றில் வால் அறுந்து "லைன்" மட்டும் காதில் விழும். அடிப்பவர் லைனிலேயே அடிப்பார், நேராக டிஃபென்டர் கைக்கு. முழுதாகக் கேட்டாலும், "அங்கே ஆள், அப்படியானால் கிராஸ்" என்று மனசுக்குள் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஜோடிகள் பாயின்ட் விடுவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான். முதல் சர்வீஸுக்கு முன்பே "லைன்னா லைன்ல அடி" என்று வாய்விட்டுப் பேசி முடித்துவிடுங்கள்.

இடம் சொல்லும் முறையில் வேலையும் தெளிவாகப் பிரிகிறது. எங்கே என்பது பார்ட்னர் பொறுப்பு, எப்படி என்பது அடிப்பவர் பொறுப்பு. எழும்பிக் கைகளால் மறைக்கும் பிளாக்கர் நெட்டருகே இருப்பதால் ஓரக்கண்ணுக்கே தெரிவார். "லைன்" என்று குரல் வந்து பிளாக்கரும் லைனை மறைத்து நின்றால், அவர் தலைக்கு மேல் தூக்கிப் பின்கோட்டருகே போடலாம். மறைக்காவிட்டால் ஓங்கி அடிக்கலாம்.

பிளாக்கர் பின்வாங்கிவிட்டால் அதற்கும் ஒரு சொல் வேண்டும். "காலி" என்று சொல்லத் தோன்றும். வேண்டாம். "கிராஸ்", "காலி" இரண்டும் ககரத்தில் தொடங்கி ஆகாரத்தில் நீள்வதால் தூரத்தில் ஒன்றாகவே கேட்கும். "ஃப்ரீ" தனியாகக் கேட்கிறது. காற்று செட்டை நடுவுக்குத் தள்ளினால் லைன் எது என்பதே மங்கிவிடும். அப்போது மட்டும் இடது, வலது.

தாமதமான குரல் மௌனத்தைவிட மோசம். கை வீசத் தொடங்கிய பிறகு கேட்டால் தோள் திரும்பும், பந்து நெட்டில் விழும். நேரம் தப்பிவிட்டது என்று தெரிந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

ஆள் இருக்கும் இடத்தைச் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பக்கம் அசைந்து காட்டி மறுபக்கம் ஓடும் டிஃபென்டரிடம், இடத்தைச் சொன்ன குரல் அடிப்பவரைக் கட்டிப்போடும். நல்ல பார்வையுள்ள மூத்த ஆட்டக்காரர்கள் தகவலை வாங்கிக்கொண்டு தாங்களே முடிவெடுக்க விரும்புவார்கள். குரல் கட்டளை இல்லை, கடைசி முடிவு அடிப்பவருடையது என்று ஒத்துக்கொண்டால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

எதிரணிக்கும் கேட்குமே என்று சிலர் சொற்களைத் தலைகீழாக்குகிறார்கள். இதை நாங்கள் அதிகம் ஆடிப் பார்த்ததில்லை. பல வருஷ ஜோடிக்குச் சரிப்படலாம். ஆட்டத்தின் மூன்றாவது செட்டின் களைப்பில் மூளை பழைய அர்த்தத்துக்கே திரும்பும் என்பதுதான் என் பயம்.

2024 பாரிஸில் தங்கம் வென்ற ஸ்வீடனின் ஓமன், ஹெல்விக் ஜோடியைப் போல எழும்பியபடி செட் கொடுத்தால், பந்து தாழ்வாக, வேகமாகப் போகும். மேலே போட்ட 1.3 நொடிக் கணக்கு அங்கே செல்லாது. குரலை நம்பாமல், அடிப்பவரே எழும்புமுன் எதிர்ப்பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழக்க ஒருவர் டிஃபென்டராக நிற்கட்டும். செட் கொடுப்பவர் கையைப் பந்து விட்டதும் அவர் ஏதாவது ஒரு பக்கம் நகர வேண்டும். இப்படி 20 பந்து. எத்தனை முறை சரியான சொல், அடிப்பவர் கால் ஊன்றும் முன் வந்தது என்று எண்ணுங்கள். பாயின்ட் வந்ததா என்பதை இப்போதைக்கு எண்ண வேண்டாம்.