நேட்டால் போன கன்னியப்பனைத் தேடித் தந்த கம்பெனி: ₹8,500க்குத் தகுமா?

கடல் கடந்து போன முன்னோர்களைத் தேடித் தருகிறோம் என்று சென்னையில் ஒரு கம்பெனி இருக்கிறது. பெயரைப் போடவில்லை, போட்டால் சண்டைக்கு வருவார்கள். ₹8,500 கட்டி ஓர் அறிக்கை வாங்கினேன். முதல் பாதி வேலை அருமை. இரண்டாம் பாதியில் ஏமாற்றம். இரண்டையும் சொல்கிறேன்.

எனக்குக் குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. பட்டா, சிட்டா, வில்லங்கம், வாரிசுச் சான்று என்று நாள் முழுக்க அடுத்தவர் காகிதம்தான் கையில். அதனால் ஒரு காகிதத்தில் சரக்கு இருக்கிறதா, வெறும் அலங்காரமா என்று ஓரளவு பிடிபடும்.

தேடச் சொன்ன ஆள் கன்னியப்பன். என் மாமனாருடைய தாத்தாவின் தம்பி. ஊர் பரதராமி பக்கம். “மொரீசுக்குக் கரும்பு வெட்டப் போனார், திரும்பி வரவே இல்லை.” வீட்டில் இருந்த தகவல் இவ்வளவுதான்.

ஆரம்பமே எரிச்சல். படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம், பிறந்த தேதியும் கட்டாயம். நம்ம பக்கம் அப்பா பெயரின் முதல் எழுத்தை வைத்து ஓட்டுகிறவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? போன் போட்டுக் கேட்டால், “சும்மா ஏதாவது போடுங்க மேடம், அடுத்த பக்கம் போகணும்ல” என்கிறார்கள். தமிழ்நாட்டு ஆட்களை நம்பிக் கடை விரித்தவர்கள் படிவத்தைத் தமிழ்நாட்டுக்குத் தகுந்த மாதிரி செய்ய வேண்டாமா?

அப்புறம் ஆய்வு செய்யும் பெண்மணி போனில் வந்தார். இந்த அறிக்கையில் காசு பெறும் ஒரே விஷயம் அவர்தான். என்னிடம் பேசிவிட்டு, “வீட்டுல பெரியவங்க இருந்தா குடுங்க” என்றார். மாமியாரிடம் கொடுத்தேன். தேதியெல்லாம் கேட்கவில்லை. “அம்மா, அவர் போனது தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றார். மாமியார் யோசிக்கவே இல்லை. “பஞ்சத்துல பொறந்தவராம். பாலாத்து வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே பூட்டாருன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க.” தாது வருஷப் பஞ்சம் 1876-78. வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன பாலாற்று வெள்ளம் 1903 நவம்பர். ஐந்து நிமிஷப் பேச்சில் ஆளின் வயதும் போன காலமும் ஒரு வரம்புக்குள் வந்துவிட்டன. படிவத்தை வடிவமைத்தவர் இவரிடம் டியூஷன் போகலாம்.

மொரீஷியசில் அவர் சிக்கவில்லை. மாமியாருக்கு இதில் வருத்தம். மோகாவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் அந்தக் காலத்துக் கூலிகளின் போட்டோக்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, கன்னியப்பனின் முகத்தையே பார்த்துவிடலாம் என்று காத்திருந்தார். ஆள் அகப்பட்டது தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பட்டியலில். அதில் போட்டோ கிடையாது.

1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம், யாரிடம் வேலைக்கு விடப்பட்டார் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் வரி 1899ஆம் வருஷத்தது. கன்னியப்பன், வயது 22, வட ஆற்காடு, குடியாத்தம் தாலுகா, இடது முழங்கையில் தழும்பு. முதலாளி என்ற இடத்தில் நேட்டால் அரசு ரயில்வே! கரும்பு வெட்டப் போனார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தோம், அவர் தண்டவாளம் போட்டிருக்கிறார்.

ஆனால் அறிக்கையில் இரண்டு கன்னியப்பன்கள். இரண்டு பேரும் வட ஆற்காடு, வயதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவருக்கு அப்பா வரதன், இன்னொருவருக்குப் பெருமாள். ஊர்ப் பெயரை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியதால் இரண்டுமே எந்த ஊருக்கும் பொருந்தும்போல் இருக்கிறது. கம்பெனி அதோடு கையைக் கழுவிக்கொண்டது. “இருவரில் ஒருவர் உங்கள் உறவினராக இருக்க வாய்ப்பு உண்டு” என்று ஒரு வரி. இதுவா முடிவு?

முடிவு எங்கள் வீட்டுப் பரணில்தான் இருந்தது. 1908இல் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போயிருந்ததால், திரும்பத் திரும்பப் பிரித்தால் நாலு துண்டாகிவிடும் என்று பயந்து, கண்ணாடி மேல் அப்படியே பரப்பி ஒரே ஸ்கேனில் எடுத்தேன். “வரதன் குமாரர்கள்” என்று ஆரம்பித்து, “கடைசிக் குமாரன் கன்னியப்பன் அக்கரை போயிருக்கிறபடியால் அவன் பாகத்தை மூத்தவனே அனுபவித்துவந்து, அவன் திரும்பும் பட்சத்தில்” என்று போகிறது. ஆக நம்ம ஆள் வரதன் மகன். வீட்டில் பழைய பத்திரம் இருக்கிறதா என்று கம்பெனி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது அறிக்கையிலேயே வந்திருக்கும்.

அறிக்கையின் தரம்? வழவழ தாள், தங்க எழுத்து அட்டை. பாதிக்கு மேல் பொதுவான சரித்திரமும் பாய்மரக் கப்பல் படங்களும். 1899இல் டர்பன் போனது நீராவிக் கப்பல், பாய்மரப் படம் எதற்கு? முக்கியமான அந்தக் கப்பல் பட்டியல் பக்கமோ, கம்ப்யூட்டர் திரையைச் செல்போனில் படம் எடுத்து ஒட்டியது. வளைவு வளைவாகக் கோடு ஓடுகிறது. என் கடையில் வேலை செய்யும் பையன் இப்படி ஒரு ஆதார் நகலைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே திட்டு வாங்கியிருப்பான்.

பில்லில் “வேலூர் மாவட்ட அலுவலகப் பதிவேடு ஆய்வு ₹1,500” என்று தனியாக ஒரு வரி இருந்தது. 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர். பழைய மாவட்டப் பதிவேடுகளைப் பார்க்க எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். 1899இல் போனவரைத் தேடி வேலூரில் எந்தப் பதிவேட்டைப் பார்த்தீர்கள் என்று மெயில் போட்டேன். பதில் இல்லை. பணமும் திரும்பவில்லை.

அடுத்தது, ஆள் போய் இறங்கிய பிறகு என்ன ஆனார் என்பது. அங்கேதானே கதையே இருக்கிறது? ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 1904இல் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் முன்னால் மூன்று வழி இருந்தது. ஊர் திரும்பலாம், மறுபடியும் ஒப்பந்தம் எழுதலாம், இல்லை வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி கட்டிவிட்டு அங்கேயே இருக்கலாம். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங், அதாவது முதல் வருஷக் கணக்கில் ஆறு மாசச் சம்பளம். அந்த வரி 1914இல்தான் ஒழிந்தது. கன்னியப்பன் எந்த வழியில் போனார்? அறிக்கையில் ஒன்றுமில்லை. “தென்னாப்பிரிக்கக் கட்டம்” என்று தனி பேக்கேஜாம், ₹14,000.

அதை நான் வாங்கவில்லை. டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் கப்பல் பட்டியல்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்கு திறந்தால் நேட்டாலின் தலைநகரமான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும், இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைக் காசில்லாமல் பார்க்கலாம். கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் நான்தான் உட்கார்ந்து புரட்டுகிறேன். இங்கே ஒரு சிக்கல். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அப்பா பெயரே குடும்பப் பெயர் ஆகிவிடுவது வழக்கம். அதனால் நான் தேடுவது கன்னியப்பன் என்று பெயர் முடிகிறவர்களை. காலனி எண் கையில் இருப்பதால் வேறு ஆளின் கோப்பில் போய் விழாமல் தப்பிக்கலாம். அந்த எண்ணைக் கொடுத்தது இந்தக் கம்பெனிதான், அதை மறைக்கவில்லை.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. அதில் இரண்டு அந்தப் பெண்மணிக்கு. எந்த நாடு என்றே தெரியாதவர்கள் அடிப்படைப் பேக்கேஜ் மட்டும் வாங்கலாம். நேட்டால் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் வாங்க வேண்டாம்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். என் கடைக்கு வரும் வாணியம்பாடிக்காரர் ஒருவரும் இதே கம்பெனியில் பணம் கட்டினார். வட ஆற்காட்டில் அப்படி யாரும் இல்லை என்று அறிக்கை வந்தது. எப்படி இருக்கும்? திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது, வாணியம்பாடி அந்தத் தாலுகாவில். சேலம் என்று போட்டு மறுபடி தேடச் சொல்லியிருக்கிறார், மறுகட்டணம் கேட்கிறார்களாம். திருவண்ணாமலைக்காரர்களும் படிவத்தில் தென் ஆற்காடு என்று எழுதிக் கொடுங்கள்.