மலைநாட்டு ஹைட்ரேன்ஜியா கன்று மட்டக்களப்பில் எடுபடுமா?

நுவரெலியாப் பக்கமிருந்து வந்து மட்டக்களப்பு, கல்முனைப் பூங்கன்றுக் கடைகளில் விற்கப்படும் ஹைட்ரேன்ஜியா கன்றை வாங்கலாம். ஆனால் கடையில் விரிந்து நிற்கும் அந்தப் பெரிய பூவுக்காக வாங்க வேண்டாம். இந்த இனம் மொட்டுப் பிடிக்க ஏறத்தாழ ஆறு கிழமைக்கு 18 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் வேண்டும். கரையோரத்தில் அது மார்கழியிலும் வாய்க்காது. வந்த பூ வாடினால் அடுத்தது அபூர்வம்தான். நிழல் முற்றத்தில் அகன்ற பச்சை இலையாக வளர்ப்பவருக்கு இது அருமையான கன்று.

தேர்ந்தெடுக்கும்போது அடித்தண்டைப் பாருங்கள். பென்சில் பருமனில் மூன்று தண்டுகள், நெருக்கமான கணுக்கள், பையின் துளையில் வெள்ளை வேர் இருந்தால் நல்லது. கணுக்களுக்கு இடையே நீண்டு மெலிந்த தண்டு, இருண்ட நிழலிலும் யூரியாவிலும் வளர்ந்ததன் அடையாளம். மழைநீர் கோர்த்த பூவின் பாரத்துக்கே அது சாய்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்தபின் நலிவதற்கு முதற் காரணம் பெரும்பாலும் தண்ணீர். மதியம் தொங்கிய இலை மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெயில் வாட்டம் மட்டுமே. அதைத் தாகம் என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இலை வெளிறினால் நீரிலோ மண்ணிலோ சுண்ணாம்பு கூடி, வேர் இரும்பை எடுக்க முடியவில்லை. மாரியில் பீப்பாவில் பிடித்த மழைநீர் இதற்குச் சிறந்தது. கரையோர மணலில் நேரே நடாமல் 12 அங்குலச் சாடியில், தும்புத்தூள் இரண்டு பங்கு, கூட்டெரு இரண்டு, ஆற்று மணல் ஒன்று என்று கலந்து நடுங்கள். தும்புத்தூளை மூன்று முறை கழுவி உப்பை நீக்கிய பிறகே கலக்க வேண்டும். காலை ஒன்பது மணி வரை வெயில் போதும். வறண்டு வீசும் கச்சான் காற்று நேரே படாத மூலையில் வையுங்கள். ஆடு வளர்க்கும் வீட்டில் இலை எட்டாத உயரம் அவசியம், அது ஆட்டுக்கு நஞ்சு.

சாயும் தண்டுக்கு மூங்கில் தடியைச் சாடியின் ஓரத்தில், வேரைக் குத்தாமல் ஊன்றி, சணல் கயிற்றை 8 என்ற எண்ணின் வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் தண்டு அறும். ஆனால் தடி தற்காலிகம்தான். உண்மையான பலம் கவாத்தில் இருக்கிறது. இங்கே மொட்டை இழக்கும் கவலை இல்லாததால் மெலிந்த தண்டை இரண்டு கணு விட்டுத் துணிந்து வெட்டலாம், அடியிலிருந்து தடித்த தளிர் எழும்.

வெட்டியதை எறியாதீர்கள். தாய்ச்செடி வெயிலில் போய்விட்டாலும் இந்தத் துண்டுகள் மிஞ்சும். பூவில்லாத, அரை முற்றிய தண்டில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய பிளேடால் வெட்டுங்கள். மேலுள்ள ஒரு சோடி இலையை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்க வேண்டும்; முழு இலை நீரை ஆவியாக்கித் துண்டை வாட்டிவிடும். வேர்விடு தூள் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும், அப்பினால் அடி கறுக்கும். தும்புத்தூளும் மணலும் சமமாகக் கலந்து ஒரு கணு புதையும்படி ஊன்றி, இலையில் ஒட்டாதவாறு பொலித்தீன் பையால் மூடி, நிழலில் வையுங்கள். நாளுக்கொரு முறை பையைத் திறந்து காற்று விடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று, நான்கு கிழமையில் வேர் விட்டிருக்கும்; மெதுவாக இழுத்தால் பிடித்து நிற்கும்.

மிகவும் நலிந்த செடிக்குப் பதியமே பாதுகாப்பு. தாழ்ந்த கிளையின் அடிப்பக்கத்தைச் சிறிது சுரண்டி, பக்கத்துச் சாடியில் இரண்டு அங்குலம் புதைத்துக் கம்பியால் பிடித்துவிடுங்கள். வேர் வரும்வரை தாய் ஊட்டும். கன்று வாங்குவதும் துண்டு வைப்பதும் கார்த்திகை, மார்கழியில் இருக்கட்டும். சித்திரையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.