மெர்லின் சீரியல்: அம்மம்மாவோட இருந்து பாக்கலாமோ?

லண்டன்ல இருந்து வந்த மச்சாள் சூட்கேசுக்குள்ள சொக்லேட்டுக்கு கீழ வைச்சு ஒரு டிவிடி பெட்டி கொண்டந்தவ. மெர்லின், பிரித்தானியப் பழங்கதையில வாற ஆர்தர் ராசாவின்ர மந்திரவாதியைப் பற்றி பிபிசியில 2008ல இருந்து 2012 வரைக்கும் போன தொடர், 5 சீசன், 65 பாகம். "குடும்பமா இருந்து பாருங்கோ, ஒண்டும் வராது" எண்டவ. அந்த "ஒண்டும்" எண்டா என்னெண்டு யாழ்ப்பாணத்தில விளக்கம் சொல்லத் தேவையில்ல, ரிமோட்டை கையில பிடிச்சபடியே படம் பாத்து வளந்த ஆக்கள் நாங்கள். டிவிடி ரீஜன் 2, ஐரோப்பாப் பக்கத்து பிளேயருக்கு எண்டு பூட்டினது எண்டபடியா எங்கட பிளேயர் வாசிக்கேல்ல, லப்டொப்பில போட்டு ரீவிக்கு வயர் குடுத்துத்தான் பாத்தது.

மச்சாள் சொன்னது சரிதான். இங்கிலாந்தில இரவு 9 மணிக்கு முன்னம் பிள்ளையளுக்கு ஒவ்வாதது போடேலாது, இது சனிக்கிழமை பின்னேரத்துக்கு எண்டே எடுத்தது. வாள்ச்சண்டை நிறைய இருக்கு, ரத்தம்தான் இல்ல. முதல் பாகத்திலயே மந்திரம் செய்தவன் எண்டு ஒருத்தன்ர தலையை வெட்டுறாங்கள், கோடாலி ஓங்கும், வெட்டு தெரியாது. அக்கான்ர மகனுக்கு 9 வயசு, அவன் கண்ணை மூடவே இல்ல.

ஆனா ஆர்தர் ராசாவின்ர பழைய கதை பிள்ளையளுக்கு முன்னால வாய் திறக்கேலாத கதை. தோமஸ் மலோரி எழுதி 1485ல அச்சில வந்ததில, உத்தர் ராசா இன்னொருத்தன்ர மனுசி இக்ரெய்னில ஆசைப்பட்டு, மெர்லின்ர மந்திரத்தால அவளின்ர புருசன் மாதிரியே உருமாறிப் போறான் (அகலிகை கதைதான்), ஆர்தர் அப்பிடிப் பிறந்தவன். சீரியல்ல இக்ரெய்ன் உத்தரின்ர சொந்த மனுசி, பிள்ளையில்ல எண்டு அவன் மந்திரக்காரியிட்ட போறான், ஒரு உயிர் வந்தா ஒரு உயிர் போகோணும் எண்டது கணக்கு, பிள்ளை பிறக்குது மனுசி செத்துப்போறா, அந்த ஆத்திரத்தில நாடு முழுக்க மந்திரத்தையே தடை செய்யிறான். சொல்லக்கூடாததை எடுத்த இடத்தில முழுக்கதைக்கும் அத்திவாரம் போட்டு வைச்சிருக்கிறாங்கள், உண்மையா சொன்னா மூலத்தை விட இது எனக்கு பிடிச்சிருக்கு.

ஆர்தரின்ர வீரன் லான்சலொட் விசயத்திலதான் சொதப்பல். மூலத்தில குவென் ஆர்தரின்ர மனுசியா இருந்துகொண்டே அவனை விரும்பினவ, அந்த காதலாலதான் ராச்சியமே உடையுது. இதில 4ஆவது சீசன்ல செத்துப்போன லான்சலொட்டை ஆர்தரின்ர எதிரி, மந்திரக்காரி மோர்கானா எழுப்பிக் கொண்டந்து, குவென்ர கையில ஒரு மந்திரக் காப்பை போட வைச்சு, ஆர்தரோட கலியாணத்துக்கு முதல் நாள் குவெனும் லான்சலொட்டும் ஒருக்கா கொஞ்சுறதோட முடிக்கிறாங்கள். குற்றம் முழுக்க காப்பில. ஆனா தண்டனை மட்டும் குவெனுக்கு, நாட்டை விட்டே அனுப்புறாங்கள், இதென்ன நியாயம்?

அம்மம்மா பனங்கிழங்கு நார் உரிச்சுக்கொண்டு கதையை எங்களிட்ட கேட்டுக்கேட்டு பாத்தவ. காப்பு வந்த உடன "பாவம், அவளுக்கு ஒரு மனம் இருக்கெண்டு சொல்லவும் பயந்திட்டாங்கள்" எண்டா. எனக்கு சிரிப்பு வந்திட்டுது, கர்ணன் குந்திக்கு காதால பிறந்தவன் எண்டு சின்னனில எனக்கு சொல்லி வைச்சது இவதான். அதைக் கேட்டன், "நீ அப்ப சின்னப்பெடியன், இது பெரிய ஆக்களும் பாக்கிறதெல்லே" எண்டிட்டு கிழங்கை முறிச்சா.

சீரியல்ல வாற டிராகனுக்கு நடிகர் ஜோன் ஹேர்ட் குரல் குடுத்தது அந்தமாதிரி. ஆர்தரின்ர கோட்டையா காட்டுறது பிரான்ஸில இருக்கிற பியர்ஃபோன் கோட்டை, அது வந்தா வடிவா பாருங்கோ. கொம்பியூட்டர்ல செய்த மிருகங்கள் இப்ப பாக்க சிரிப்பா கிடக்கு.

நான் 10க்கு 7 குடுப்பன். 6 வயசுக்கு கீழ இருக்கிறதுகளுக்கு வேண்டாம். கடைசி ரெண்டு பாகத்தையும் ஞாயிறு இரவு போடாதேங்கோ, ரத்தமில்ல கொஞ்சலில்ல எண்டு நம்பி போட்டு எங்கட பெடியன் அழுதழுது திங்கள் பள்ளிக்கூடம் போகேல்ல, அக்கா இன்னும் என்னோட வடிவா கதைக்கிறேல்ல.