உலர்ந்த தியன்மா: முழுக்கிழங்கு தேறும், தூள் தேறாது

சிங்கப்பூர், மலேசியச் சீன மருந்துக்கடைகளில் மஞ்சள் பாய்ந்து, சுருங்கி, கல்லாய்க் கிடக்கும் கிழங்குதான் தியன்மா. காஸ்ட்ரோடியா எலாட்டா என்ற ஆர்க்கிட். இலையும் இல்லை, பச்சையமும் இல்லை. விதை முளைக்க மைசீனா பூஞ்சை வேண்டும். அதன்பின் தேன்காளான் எனப்படும் ஆர்மிலேரியா ஊட்டினால்தான் கிழங்கு பருக்கும். யுன்னான், குய்சோ மாகாணங்களில் இந்தப் பூஞ்சை ஏறிய மரக்கட்டைகளோடு புதைத்து வளர்க்கிறார்கள். கடைக்கு வருவதில் பெரும்பகுதி இப்படி விளைந்ததே. "காட்டுச் சரக்கு" என்று விலை ஏற்றினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

முழுக்கிழங்கு, வில்லை, தூள் என்று மூன்று விதமாக விற்கிறது. முழுக்கிழங்கில்தான் ஏமாற்றுவது கடினம். ஒரு முனையில் செம்பழுப்பு மொட்டு இருக்கும். வியாபாரிகள் அதைக் கிளிமூக்கு என்பார்கள். மறுமுனையில் தாய்க்கிழங்கிலிருந்து கழன்ற வட்டத் தழும்பு. உடம்பைச் சுற்றிப் புள்ளிபுள்ளியாக வளையங்கள். வேகவைத்து அமுக்கிய உருளைக்கிழங்கையும் அந்திமந்தாரைக் கிழங்கையும் தியன்மா என்று தள்ளிவிடுவதுண்டு. அவற்றில் இந்த மூன்றும் சேர்ந்து இருக்காது.

அடுத்தது எடை. இலையில்லாத செடிக்குச் சேமிப்பெல்லாம் கிழங்கில்தான். வசந்தத்தில் பூத்தண்டு கிளம்பியதும் அது கரைந்து, உள்ளே கூடாகிவிடும். குளிர்காலத்தில் தோண்டியது கையில் கனக்கும். உடைத்தால் உள்ளே வழவழப்பாக, ஓரளவு ஒளி ஊடுருவும்படி இருக்கும். கிளிமூக்குக்குப் பதில் தண்டின் காய்ந்த மிச்சம் ஒட்டியிருந்தால் அது வசந்தச் சரக்கு, விலையைக் குறைத்துக் கேளுங்கள். தரம் பிரிப்பதும் கனத்தை வைத்துத்தான்: கிலோவுக்கு 26 கிழங்குக்குள் நின்றால் முதல் தரம், 90-ஐத் தாண்டினால் கடைசித் தரம்.

வில்லை வெள்ளைவெளேரென்று இருந்தாலோ, மூக்கைக் குத்தும் புளித்த நெடி அடித்தாலோ கந்தகப் புகை அதிகம் போட்டிருக்கிறார்கள். சீன அரசின் மருந்துத் தர நூல் அனுமதிக்கும் கந்தக டையாக்சைடு கிலோவுக்கு 400 மில்லிகிராம். கொதிக்கும்போது குதிரை லாயத்து வாடை வந்தால் பதற வேண்டாம், தியன்மாவின் இயல்பு அது.

தூளைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களானால் 1 கிராமை 10 மி.லி. நீரில் 4 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, 2 முதல் 4 சொட்டு அயோடின் விடுங்கள். ஊதாச்சிவப்போ ஒயின் சிவப்போ வர வேண்டும். நீலமானால் அதில் மாவு கலந்திருக்கிறது. சோதித்த தூளைச் சமையலில் போடாதீர்கள்.

முழுக்கிழங்கை உலர்ந்தபடியே வெட்டினால் கத்திதான் மழுங்கும். ஊறவைத்து, ஆவியில் மெதுவாக்கி, மெல்லிசாகச் சீவுங்கள். மருந்து நூல் சொல்லும் அளவு நாளுக்கு 3 முதல் 10 கிராம். மீன்தலை, இஞ்சியோடு சிறுதீயில் கொதிக்கும் சூப்பில் நன்றாகச் சேர்கிறது. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இணையத்தில் உயிர்க்கிழங்கும் பூஞ்சைக் கட்டையும் சேர்த்து "வீட்டிலேயே வளருங்கள்" என்று விற்கிறார்கள். சிங்கப்பூர், சென்னை வெயிலுக்கு அது வீண்செலவு. மண் 30 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி மட்டுப்படும், குளிர் படாமல் கிழங்கின் உறக்கமும் கலையாது. அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உலக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஆர்க்கிட் குடும்பம் இருப்பதால், காய்ந்த கிழங்கானாலும் ஊருக்குக் கொண்டுபோகுமுன் அனுமதிச்சீட்டு தேவையா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.