சந்தானில் சால்மொனெல்லா: பினாங்கில் ஓர் ஒளிவழி பயோசென்சருடன் நீண்ட காலப் பழக்கம்

பினாங்கின் பெருநிலப் பகுதியில், பிறை தொழிற்பேட்டைக்கு அருகே இயங்கும் ஓர் உணவுச் சோதனைக்கூடத்தில் நுண்ணுயிரியல் பிரிவை நான் கவனித்து வருகிறேன். சந்தான் எனப்படும் தேங்காய்ப் பால், சம்பால் என்னும் மிளகாய் விழுது, மசாலா விழுது, உறைந்த ரொட்டி சானாய், கடலுணவு ஆகியவையே எங்களிடம் அதிகமாக வரும் மாதிரிகள். இவற்றில் உணவை நச்சாக்கும் சால்மொனெல்லா பாக்டீரியாவைத் தேடுவதற்காக, சர்ஃபேஸ் பிளாஸ்மான் ரெசனன்ஸ், சுருக்கமாக எஸ்.பி.ஆர்., என்னும் ஒளிவழி முறையில் இயங்கும் பயோசென்சர், அதாவது உயிரிப்பொருளை உணரும் கருவி, ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். இதை வாங்கலாமா என்று பிற கூடங்களில் பணிபுரிவோர் கேட்கும்போது நான் சொல்வது ஒன்றுதான்: கருவி சில நிமிடங்களில் விடை தந்துவிடும்; ஆனால் பாக்டீரியா தன் வேகத்தில்தான் பெருகும். விற்பனையாளர் தரும் தாளில் முதல் பாதி மட்டுமே அச்சாகியிருக்கும்.

கருவியின் உள்ளே ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிமனில் தங்கம் பூசிய கண்ணாடிச் சிப் ஒன்று இருக்கிறது. பட்டகத்தின் வழியாக அதன் அடிப்பக்கத்தில் ஒளியைச் செலுத்தினால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் எதிரொளி சட்டென்று மங்கிவிடும். தங்கத்தின் மேல்பக்கத்தில், குறிப்பிட்ட பாக்டீரியாவைப் பற்றிக்கொள்ளும் புரதமான எதிர்ப்பொருளைப் பதித்து வைத்து, அதில் பாக்டீரியா வந்து ஒட்டினால், அங்கே ஒளிவிலகல் எண் மாறி அந்தக் கோணம் நகரும். அந்த நகர்வையே திரையில் வளைகோடாகப் பார்க்கிறோம். இந்தப் பட்டக அமைப்பை 1968இல் கிரெட்ஷ்மனும் ரேதரும் வகுத்தார்கள். 1983இல் சுவீடன் ஆய்வாளர்கள் அதை உயிரிப்பொருள்களை உணரப் பயன்படுத்திக் காட்டினார்கள். 1990இல் பயாகோர் கருவி சந்தைக்கு வந்தது. எனவே இது நேற்று முளைத்த நுட்பம் அன்று.

ஆனால் இந்த ஒளி தங்கத்தின் மேற்பரப்பிலிருந்து இருநூறு முந்நூறு நானோமீட்டர் உயரம் வரைதான் உணரும். சால்மொனெல்லா ஒன்றின் குறுக்களவே அதைவிடப் பெரிது. புரதங்களை அளப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும் கருவி முழு பாக்டீரியாவிடம் தடுமாறுவதற்கு இதுவே காரணம். யானையின் பாதத்தை மட்டும் தொட்டுவிட்டு அதன் எடையைச் சொல்ல முயல்வது போன்ற வேலை அது. நடைமுறையில் ஒரு மில்லிலிட்டருக்கு ஓர் இலட்சம் செல்களாவது இருந்தால்தான் வளைகோட்டை நம்பி நான் கையெழுத்திடுவேன்.

வாடிக்கையாளர் கேட்பதோ, 25 கிராம் உணவில் ஒரு சால்மொனெல்லாகூட இல்லை என்ற உறுதி. 25 கிராம் மாதிரியை பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டக் கரைசலான பெப்டோன் நீர் 225 மில்லிலிட்டரில் கலக்கும்போது, 250 மில்லிலிட்டரில் ஒரே ஒரு செல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது மில்லிலிட்டருக்கு ஓர் இலட்சம் என்ற நிலையை எட்ட இரண்டரைக் கோடி மடங்கு பெருக வேண்டும். அதாவது ஏறத்தாழ 25 முறை இரட்டிக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெப்பத்திலோ உப்பிலோ அடிபட்டு வந்த செல்கள் மீண்டு எழச் சில மணி நேரம் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே இரவு முழுவதும் 37 பாகை செல்சியஸில் வளர்த்தெடுக்கும் வேலையிலிருந்து எந்தக் கருவியும் நமக்கு விடுதலை தராது. சால்மொனெல்லாவைத் தேடுவதற்கான அனைத்துலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 6579 முறையில் அதற்குப் பின்வரும் இரண்டாம் கட்ட வளர்ப்பு, எக்ஸ்.எல்.டி. என்னும் வளர்ப்பூடகத் தட்டு, உறுதிப்படுத்தும் சோதனைகள் ஆகிய நாள்களைத்தான் சென்சர் மிச்சப்படுத்துகிறது. தீபாவளிக்கும் நோன்பு மாதத்துக்கும் முன்பு குளிரறை நிரம்பி வழியும் சந்தான் தயாரிப்பாளருக்கு அந்த நாள்கள் பெரும் பணம். "அக்கா, நாளைக்குச் சரக்கை ஏத்தலாமா?" என்று தொலைபேசியில் கேட்பவரிடம், மறுநாள் நண்பகலுக்குள் ஏதாவது ஒரு பதிலைச் சொல்ல முடிகிறது.

உண்மையான போராட்டம் சந்தானுடன்தான். கெட்டியான தேங்காய்ப் பாலில் கொழுப்பு 20 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். வளர்த்தெடுத்த நீர்மத்தை அப்படியே சிப்பில் ஓட விட்டால் கொழுப்புத் துளிகள் தங்கத்தின்மீது படிந்து, பாக்டீரியா இல்லாத மாதிரியும் அழகான ஏறுகோட்டைக் காட்டும். சுழற்றிப் பிரித்துக் கொழுப்பை வழித்தெடுக்கலாம் என்றால், பாக்டீரியாவில் ஒரு பங்கும் அந்த ஏட்டோடு போய்விடும். எதிர்ப்பொருள் பூசிய காந்த மணிகளைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே நிலைமை சீரானது. மணிகளைக் கலந்து, குழாயைக் காந்தத் தாங்கியில் நிறுத்தினால், சில நிமிடங்களில் குழாயின் ஒரு பக்கச் சுவரில் பழுப்பு நிறக் கோடு ஒன்று திரளும். வெள்ளைத் திரவத்தை எதிர்ப்பக்கமாகப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தாங்கல் கரைசலால் கழுவ வேண்டும். முதல் கழுவலில் திரவம் இன்னும் மங்கலாகவே இருக்கும், மூன்றாவதில்தான் கண்ணாடிபோல் தெளியும். அந்தத் தெளிவு வருவதற்கு முன் மாதிரியைக் கருவிக்குள் ஏற்ற எங்கள் கூடத்தில் அனுமதி இல்லை. மணிகளே செல்லோடு சேர்ந்து சிப்பில் ஒட்டுவதால் சமிக்ஞையும் பெரிதாகிறது. அது எதிர்பாராத இலாபம் அன்று, ஆய்வாளர்கள் அறிந்து பயன்படுத்தும் உத்திதான்.

அடுத்த தொல்லை வெப்பநிலை. நீரின் ஒளிவிலகல் எண் ஒரு பாகைக்கு ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறும். கருவியோ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாற்றத்தையே கவனிக்கிறது. ஒரு பாகையில் நூற்றில் ஒரு பங்கு ஏறினாலே அடிக்கோடு அசையும் என்பது இதன் பொருள். கட்டட நிருவாகம் மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் குளிர்சாதனத்தை நிறுத்திவிடும் வழக்கம் எங்களுக்குப் பல காலைகளைப் பாழாக்கியது. பினாங்கின் வெயிலில் அறை மீண்டும் குளிர்ந்து நிலைபெறும் வரை காத்திருப்பதைவிட, அந்த அறைக்குத் தனிக் குளிர்சாதனம் பொருத்தியது மலிவாக முடிந்தது. காற்றுக் குமிழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; கரைசல்களின் காற்றை நீக்கிவிட்டால் போதும்.

இறந்த பாக்டீரியாவையும் எதிர்ப்பொருள் பிடிக்கும் என்பது பலர் எழுப்பும் ஐயம். அது நியாயமானதே, சூடாக்கிப் பதப்படுத்திய பொருள்களில் செத்த செல்கள் இருக்கக்கூடும். வளர்ப்பதற்கு முன் ஒருமுறையும் வளர்த்த பின் ஒருமுறையும் அளந்து, இரண்டுக்கும் இடையிலான உயர்வைப் பார்ப்பது எங்கள் வழக்கம், செத்தவை பெருகுவதில்லை. சால்மொனெல்லாவுக்கு உறவான சிட்ரோபாக்டர் என்னும் பாக்டீரியா சில வேளைகளில் எதிர்ப்பொருளை ஏமாற்றும். அதே சிட்ரோபாக்டர் எக்ஸ்.எல்.டி. தட்டிலும் சால்மொனெல்லாவைப்போல் கறுப்பு மையத்துடன் வளர்ந்து கண்ணை ஏமாற்றுவதுண்டு என்பதால், தட்டுதான் பொய் சொல்லாத சாட்சி என்ற பழைய நம்பிக்கையை நான் முழுமையாக ஏற்பதில்லை. ஆனாலும் பாசிட்டிவ் வந்த ஒவ்வொரு மாதிரியும் தட்டுக்குப் போகிறது.

செலவைப் பொறுத்தவரை, சிப்பை எத்தனை முறை மீட்டெடுத்துப் பயன்படுத்தலாம் என்பதே கணக்கு. அமிலத்தன்மையுள்ள கிளைசின் கரைசலால் ஒட்டியவற்றைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் எதிர்ப்பொருளும் கொஞ்சம் தேய்கிறது. தெரிந்த அளவு செல்களைக் கொண்ட சரிபார்ப்பு மாதிரியை நாள்தோறும் ஓட விட்டு, அதன் உயரம் தொடக்க அளவில் எண்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் சிப்பை ஒதுக்கிவிடுகிறோம். சம்பால் மாதிரிகள் அதிகம் வரும் வாரங்களில் சிப் சீக்கிரமே களைத்துப்போகிறது. வெளிநாட்டிலிருந்து உதிரிப்பொருள் வருவதற்காகக் கருவி வாரக்கணக்கில் சும்மா கிடந்ததும் உண்டு. ஒப்பந்தத்தில் பழுதுபார்க்கும் கால வரம்பைத் தெளிவாக எழுதி வாங்குவது நல்லது.

நாளுக்குச் சில மாதிரிகள் மட்டுமே வரும் சிறிய கூடங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவு வளர்ப்புக்குப் பிறகு, தங்க நானோதுகள் சிவப்புக் கோடாகத் தெரியும் பட்டைச் சோதனையே அவர்களுக்குப் போதும். மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் நொதியை வைத்து, உயிரணுக்களில் இருக்கும் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறை ஒளியாக அளக்கும் கருவியை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது: சமையல் மேசை துடைக்கப்பட்டதா என்பதை அது நொடிகளில் சொல்லும், ஆனால் மேசையில் மிஞ்சியது தேங்காய்த் துருவலா பாக்டீரியாவா என்பதை அது அறியாது.

கோலஜூரு பக்கமிருந்து வரும் கெராங் போன்ற சிப்பி மாதிரிகளுக்கு இந்த முறையை நாங்கள் இன்னும் கொண்டு செல்லவில்லை. அவற்றில் தேடும் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்னும் பாக்டீரியா பத்து நிமிடத்துக்குள் இரட்டிக்கக்கூடியது. அங்கே இருக்கிறதா என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம், வளர்த்த பிறகு அந்த எண்ணிக்கை தொலைந்துவிடுகிறது. சால்மொனெல்லாவிலும் சந்தான், மசாலா விழுது ஆகிய வகைகளுக்கு மட்டும் மாற்றுச் சோதனை முறைகளைச் சரிபார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 16140 வழிகாட்டுதலின்படி தட்டு முறையுடன் ஒப்பிட்டு முடித்திருக்கிறோம். சம்பால் மாதிரிகள் இப்போதும் இரண்டு முறைகளிலும் இணையாக ஓடுகின்றன. அவற்றுக்கான அறிக்கை தட்டின் முடிவைக் கொண்டே வெளியாகிறது.