வக்கீல் ஆபீசும் கூகுள் வரைபடமும்: நீண்ட நாள் பயன்பாட்டில் எது தேறுகிறது?

கட்சிக்காரர் இன்றும் பெரும்பாலும் யாராவது கைகாட்டித்தான் வருகிறார். பத்திரம் எழுதுபவர், பழைய கட்சிக்காரர், ஊர்க்காரர், குமாஸ்தா என யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். மாறியிருப்பது படியேறுவதற்கு முந்தைய பத்து நிமிடம்தான். சொன்ன பெயரைக் கைப்பேசியில் தட்டி, வரைபடத்தில் இடம் இருக்கிறதா, போன் எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டே வருகிறார். எந்தப் பெயரும் தெரியாதவரோ "செக் பவுன்ஸ் நோட்டீஸ் எத்தனை நாளில் அனுப்பணும்" என்று கேட்டு, கூகுள் மேலே எழுதித் தரும் ஏஐ சுருக்கத்தைப் படித்து அதோடு நிறுத்திக்கொள்கிறார். இந்த இரண்டு வகை ஆட்களுக்கும் தமிழ்நாட்டில் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸ் என்ன வைத்திருக்கலாம், வைத்து ஓட்டினால் எது பழுதாகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் வேலி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி 36, வழக்கறிஞர் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008இல் வந்த திருத்தம் இணையதளம் வைக்க மட்டும் வாசல் திறந்தது. அதில் போடக்கூடியவற்றை விதியோடு சேர்ந்த அட்டவணை சொல்கிறது: பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவான தேதி, எந்த மாநில பார் கவுன்சில், கல்வி மற்றும் தொழில் தகுதி, எந்தத் துறையில் வழக்காடுகிறார் என்பது. அதையும் கவுன்சிலுக்குத் தெரிவித்துத்தான் போட வேண்டும். வக்கீல் காசு கொடுத்து 'லீட்' (வக்கீல் தேடுபவரின் தொடர்பு விவரம்) வாங்கும் தளங்களின் கதை 2024 ஜூலையில் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட தளங்கள் வழியாக வேலை பிடிக்கும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில நாட்களிலேயே பார் கவுன்சிலும் மாநில கவுன்சில்களுக்கு எழுதியது. அந்தத் தளங்களில் யாரோ ஏற்றிவிட்ட பழைய பக்கம் இன்னும் கிடந்தால் எழுத்து மூலம் கேட்டு நீக்கச் செய்து, அந்தக் கடிதத்தின் நகலைக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது வரைபடத்திலும் தேடலிலும் ஆபீசின் பெயர், இடம், நேரத்தைக் காட்டும் பதிவு. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது இதுதான். இலவசக் கருவிகளில் அதிக நாள் உழைப்பது இது; அதிகம் தொல்லை கொடுப்பதும் இதுவே. விதி 36இன் அட்டவணை இணையதளத்தைப் பற்றித்தான் பேசுகிறது, வரைபடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அட்டவணை அனுமதிக்கும் விவரங்களைத் தாண்டி இங்கே எதுவும் போடாமல் இருப்பதே பாதுகாப்பு. வகைப்பாட்டில் பொதுவாக 'வழக்கறிஞர்' போதும். 'விவாகரத்து வக்கீல்' என்ற வகையைக் கூகுள் நீட்டும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் பெயர்ப்பலகையில் ஒரு துறை நிபுணர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று அதே விதி 36 சொல்வதை மறக்க வேண்டாம்.

பெயரில்தான் பாதிப் பேர் சிக்குகிறார்கள். பலகையில் இருக்கும் பெயர் எதுவோ அதுவே புரொஃபைலிலும் இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் 'சென்னை சொத்து வழக்கு' என்று ஒட்டினால் கொஞ்ச நாள் மேலே வரும். பிறகு ஒருநாள் புரொஃபைல் முடக்கப்படும். மேல்முறையீட்டுப் படிவத்தைத் திறந்துவிட்டால் ஆதாரங்களைப் பதிவேற்ற 60 நிமிடம்தான் கிடைக்கும். அங்கே கேட்கும் வணிகப் பதிவுச் சான்றோ ஜிஎஸ்டி எண்ணோ பெரும்பாலான வழக்கறிஞர்களிடம் இருக்காது. ஆகவே ஆபீஸ் முகவரியில் உள்ள மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், பார் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் மூன்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்ட பிறகே படிவத்தைத் திறக்க வேண்டும். பலர் திறந்த பிறகுதான் வீட்டு உரிமையாளருக்குப் போன் போடுகிறார்கள்.

சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறது. வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக, குறைந்தது 30 விநாடி. தெருப்பெயர்ப் பலகையில் தொடங்கி, கட்டட முகப்பு, பெயர்ப்பலகை, சாவி போட்டுக் கதவைத் திறப்பது, உள்ளே மேசை என்ற வரிசையில் எடுத்தால் சிக்கல் வராது. மேசை மேல் வழக்குக் கட்டுகள் விரிந்து கிடக்கக் கூடாது. கட்சிக்காரர் பெயரும் வழக்கு எண்ணும் வீடியோவில் போய்விடும்.

தம்புச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு பக்கம் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. ஒரே கட்டடத்தில் ஒரே வகைப்பாட்டில் பத்துப் பேர் இருந்தால் கூகுள் சிலரை மட்டும் காட்டி மற்றவரை மறைத்துவிடும். வரைபடத்தைப் பெரிதாக்கினால் மறைந்தவர் தெரிவார். இது தண்டனை இல்லை, வடிகட்டல். இதற்குப் பரிகாரம் என்று விற்கப்படும் பெரும்பாலானவை வீண்செலவு. மாடி எண், அறை எண் சரியாக இருக்கிறதா, வரைபட முள் கட்டட வாசலில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். பெயரைச் சொல்லித் தேடுபவருக்கு ஆபீஸ் எப்படியும் தெரியும்.

நேரத்தைப் பிரித்துப் போடுங்கள். பத்து முதல் ஐந்து வரை என்று போட்டிருக்கும், அந்த நேரத்தில் வக்கீல் கோர்ட்டில் இருப்பார். காலை 8 முதல் 10, மாலை 6 முதல் 9 என்று ஒரே நாளுக்கு இரண்டு இடைவெளி சேர்க்க முடியும். தேடும் நேரத்தில் திறந்திருக்கிறதா என்பதையும் கூகுள் கணக்கில் எடுக்கிறது என்பதால் '24 மணி நேரம்' என்று போடும் பழக்கம் பரவியிருக்கிறது. இரவு பதினொன்றுக்கு வந்து பூட்டிய கதவைப் பார்ப்பவர் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார். மே மாத விடுமுறைக்குச் சிறப்பு நேரத்தைத் தனியே போட மறந்தால் அதே கதிதான்.

நட்சத்திரம் என்றதும் விமர்சனம். கேட்டு வாங்கக் கூடாது. காசோ கட்டணத் தள்ளுபடியோ கொடுத்து வாங்குவது கூகுள் விதிக்கும் எதிர், தொழில் ஒழுக்கத்துக்கும் எதிர். கெட்ட விமர்சனத்துக்கு எழுதும் பதிலில்தான் உண்மையான ஆபத்து. "உங்கள் வழக்கில் நீங்கள் மூன்று வாய்தாவுக்கு வரவில்லை" என்று பதில் எழுதினால், அவர் கட்சிக்காரர் என்பதையும் வழக்கில் நடந்ததையும் ஊரறியச் சொல்லிவிட்டீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 132 காக்கும் வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம் ஒரு கோபத்தில் போய்விடும். "ஆபீசைத் தொடர்புகொண்டால் பேசலாம்" என்ற ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

இணையதளத்துக்கு வருவோம். இந்திய வக்கீல் தளங்களில் நுழைந்ததும் 'இது விளம்பரமல்ல, ஒப்புக்கொள்கிறேன்' என்ற அறிவிப்பு வரும். அதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். பக்கத்தின் மேல் மிதக்கும் பெட்டியாக, உள்ளே முழு எழுத்தும் ஏற்கெனவே ஏறியிருந்தால் தொல்லையில்லை. எல்லாப் பக்கத்தையும் ஒரே ஒப்புதல் பக்கத்துக்குத் திருப்பிவிடும்படி கட்டியிருந்தால், கூகுள் அந்த ஒரு பக்கத்தைத் தவிர மீதியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில், முகவரி ஆய்வுக் கருவியில் உள்பக்கம் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதே கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கும். ஏஐ சுருக்கம் இந்தியாவுக்கு வந்தது 2024 ஆகஸ்டில். அதன் பிறகு பல தளங்களில் ஒரு போக்கு தெரிகிறது: தேடலில் தளம் காட்டப்பட்ட எண்ணிக்கை அப்படியே இருக்கும், சொடுக்கு மட்டும் இறங்கும். ஏஐ சுருக்கத்தில் வந்தது எவ்வளவு என்று கன்சோல் தனியே பிரித்துக் காட்டாது என்பதால் கேள்வி வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'எத்தனை நாள்', 'என்ன ஆவணம்' வகைக் கேள்விகளில் இறங்கியிருந்தால் அதை மீட்க மெனக்கெட வேண்டாம். செக் திரும்பியது என்ற வங்கித் தகவல் கிடைத்த 30 நாளில் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அதன் பின் ஒரு மாதத்தில் புகார் என்பதை இயந்திரமே சொல்லிவிடுகிறது. நோட்டீஸ் கவர் 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்தால் என்ன, செக்கில் கையெழுத்திட்ட பங்குதாரர் விலகியிருந்தால் என்ன என்ற பக்கங்களுக்குத்தான் ஆள் உள்ளே வருகிறார்.

இன்னொரு வேலை நிச்சயம் பலன் தரும்: பிரிவு எண்கள். 2024 ஜூலை 1இல் புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகும் ஜனங்கள் '420' (மோசடி), '498ஏ' (கணவர் வீட்டுக் கொடுமை) என்றே தேடுகிறார்கள். பக்கத்தில் பழைய எண், புது எண் இரண்டும் வேண்டும்: 420க்கு 318(4), 498ஏக்கு 85, ஜீவனாம்சத்துக்கான 125க்கு 144. மோசமான குழப்பம் 482. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது வழக்கை ரத்து செய்யும் அதிகாரம். புதுச் சட்டத்தில் 482 முன்ஜாமீன், ரத்து 528க்குப் போய்விட்டது. எந்தச் சட்டம் என்று சொல்லாமல் வெறும் எண்ணைக் கேட்டால் ஏஐ இரண்டையும் கலந்துவிட இடம் இருக்கிறது. இதைத் தெளிவாகப் பிரித்து எழுதிய பக்கத்துக்குத் தேவை இருக்கிறது. ஆனால் சட்டத்தை விளக்கும் கட்டுரை விதி 36 அட்டவணையில் இல்லாத பொருள். கண்டிப்பாகப் படித்தால் அதற்கும் கேள்வி எழும். குறைந்தபட்சம் கட்டுரையின் அடியில் 'உடனே அழையுங்கள்' பொத்தானை வைக்காதீர்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றில் பெயர் வர வேண்டும் என்று தொகுப்புத் திட்டம் விற்பவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். வாங்கும் முன் தளத்தின் ரோபாட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள்; தளத்தைப் படிக்க வரும் தானியங்கி நிரல்களில் (பாட்) எதற்கு அனுமதி, எதற்குத் தடை என்று சொல்லும் கோப்பு அது. ஓப்பன்ஏஐயின் தேடலுக்கான பாட் ஒன்று, பயிற்சிக்கான பாட் வேறொன்று. பின்னதை மட்டும் தடுத்தால் தேடலில் இருந்து போகமாட்டீர்கள். தளங்களுக்குப் பாதுகாப்பும் வேகமும் தரும் கிளவுட்ஃபிளேர் சேவை 2025 ஜூலை முதல் புதிதாகச் சேரும் தளங்களுக்கு ஏஐ பாட்களை இயல்பாகவே தடுக்கிறது, அது தெரியாமலே பலர் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்தது பெயர். எஸ். குமார் என்று உயர் நீதிமன்றத்தில் எத்தனை பேர்! இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஆங்கில எழுத்துக்கூட்டு மூன்று விதம் என்றிருந்தால் இயந்திரம் இரண்டு பேரை ஒருவராக்கும், இல்லை ஒருவரை மூன்றாக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ளபடி எல்லா இடத்திலும் ஒரே வடிவம், பக்கத்தில் பதிவு எண். இதற்குத் தொகுப்புத் திட்டம் வேண்டாம்.

கடைசியாகத் தொடர்புப் படிவம். 'உங்கள் பிரச்சினையை விரிவாக எழுதுங்கள்' என்ற பெட்டியை எடுத்துவிடுங்கள். உங்கள் பழைய கட்சிக்காரரின் எதிர்த்தரப்பில் இருப்பவர் அதில் தன் கதை முழுவதையும் கொட்டிவிட்டால், நாளை அந்தக் கட்சிக்காரருக்கே ஆஜராக முடியாத நிலை வரலாம். பெயர், எதிர்த்தரப்புப் பெயர், எந்த ஊர் கோர்ட், அடுத்த வாய்தா தேதி, போன் எண். வழக்கு ஏற்கெனவே நடந்தால் அந்த வழக்குக்கே உரிய 16 இலக்க சிஎன்ஆர் எண்ணும் கேட்கலாம். நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸில் வழக்கின் நிலையைப் பார்த்துவிட்டே திருப்பி அழைக்கலாம். எதிர்த்தரப்புப் பெயரை ஆபீஸ் கட்டுப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் ஜூனியர் அந்த அழைப்பைச் செய்ய வேண்டும்.